காற்றுக் குழாயைப் பிடிப்பவன்

தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிக்கும் வள்ளம் கிளம்பக் காத்திருக்கிறது; நானும் அதில் ஒரு கூலியாள். முங்குகிறவனுக்குக் காற்று போகும் குழாயை மேலிருந்து மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்? ஆனால் செல்வராணி, கணவனின் குழாயை அண்ணனுக்குத் தராமல் ஜெரோமிடம் நீட்டுகிறாள்.

"ஏளா, யாரு இவன்?" என்கிறார் வள்ளக்காரர்.

"எங்க வீட்டுக்காரரு ஃப்ரெண்டு, மாமா."

"கூடப் படிச்சவனும் ஃப்ரெண்டு, பேஸ்புக்ல பாத்தவனும் ஃப்ரெண்டு. இவன் எந்த ஃப்ரெண்டு?"

"பெஸ்ட் ஃப்ரெண்ட்" என்று நான் எடுத்துக்கொடுக்கிறேன். அவள் என்னையும் முறைக்கிறாள்.

"அண்ணன் குடிச்சிட்டு வாரான். அதான் என் தாலிய இவன் கையில குடுத்திருக்கேன். இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரோ, அத நீங்களே வச்சிக்கிடுங்க."