சுந்தரம் சாய்ந்த பக்கம்

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. படுத்தவாக்கில் வந்தது. எனக்கு வரும் படங்களில் பாதி அப்படித்தான் வரும். ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் நான்தான் 'படம் நிமிர்த்தும் அக்கா'. கல்யாணப் பத்திரிகை, பேரன் மொட்டை போட்டது, ஆதார் கார்டு... எது குப்புற விழுந்தாலும் என்னிடம் வந்துவிடும்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆன்லைனில் இலவசமாக ஒரு டூல் இருக்கிறது. படத்தை ஏற்றினால் இப்படியும் அப்படியும் திருப்ப இரண்டு அம்புக்குறிகள். லேசாகச் சாய்ந்திருந்தால் சரிசெய்யக் கீழே ஒரு ஸ்லைடர். அதற்கும் பொறுமை இல்லையா? தானே நேராக்கித் தரும் பட்டன் ஒன்று. வீட்டில் சில பேருக்கு இப்படி ஒரு பட்டன் இருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு.

இந்தப் படத்தை அனுப்பியவள் கலா. பழைய சிநேகிதி, திருவானைக்காவலில் இருக்கிறாள். அவள் கணவர் சுந்தரம் தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. தெருமுனையில் நினைவஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டும். ஹால் சுவரில் மாட்டியிருந்த சுந்தரத்தைச் சந்தன மாலையோடு அப்படியே செல்போனில் எடுத்து அனுப்பிவிட்டாள்.

அம்புக்குறியை அழுத்தினேன். சுந்தரம் எழுந்து நின்றார். ஆனால் ஃபிரேம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பட்டனை அழுத்தினேன். இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. மறுபடி அழுத்தினேன்... அசையவில்லை.

சரி, கையாலேயே செய்வோம் என்று ஸ்லைடரை நகர்த்தி, ஃபிரேமைத் திரையில் இருந்த கட்டங்களுக்கு நேராகக் கொண்டுவந்தேன். உடனே பக்கத்தில் இருந்த கதவு நிலை சாய்ந்தது. சுவரில் ஓடும் பெயிண்ட் பார்டர் சாய்ந்தது. சுந்தரம் மட்டும் நேராக நின்று என்னைப் பார்க்கிறார் – அவரைச் சுற்றி வீடே ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. நல்ல பட்டப்பகல். எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

கலாவுக்குப் போன் போட்டு, படத்தை ஒழுங்காக மாட்டவில்லையா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காலைல விளக்கேத்தும்போது நேராக்கிட்டுத்தான் வரேன்க்கா. சாயங்காலம் பார்த்தா சாஞ்சிருக்கு. தினமும். அதே வாசப் பக்கமா."

சென்னையில் வேலை பார்க்கும் மகன், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னானாம். அந்தப் பேச்சை எடுத்ததிலிருந்துதான் படம் சாய்கிறதாம். சுந்தரம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. போகாதே என்கிறார் – கலா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டாள். படத்திடமும் சொன்னாளாம். அப்புறமும் சாய்கிறது!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன்.

உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினேன். கையை எடுத்ததும் அது தானாகத் திறந்துகொண்டது. கலா கதவைப் பார்க்கவில்லை. திரும்பிச் சுந்தரத்தைப் பார்த்தாள். எனக்கு லேசாகத் தலை சுற்றியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பார்க்கட்டும் என்று கலா அன்று காலை நேராக்காமல் விட்டிருந்த படத்தையே சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு முன்னால், மேலே உத்தரத்திலிருந்து வயரில் ஒரு பல்ப் தொங்கியது. வயர் சாய்ந்த திசையும் ஃபிரேம் சாய்ந்த திசையும் ஒன்று. தொங்குகிற வயர் எப்படிச் சாயும்?

பூக்கட்டும் நூலை வாங்கி, அதில் என் வீட்டுச் சாவியைக் கட்டி, கொத்தனார் பிடிக்கிற மாதிரி படத்தின் ஓரமாகத் தூக்கிப் பிடித்தேன். சாவி ஆடி நின்றது. நூலும் ஃபிரேமும் ஒரே கோடு. கதவு நிலைக்குப் போய்ப் பிடித்தேன். மேலே ஒட்டிய நூல், கீழே விலகி நின்றது.

வந்ததிலிருந்து வெளியே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மனையில் அபார்ட்மென்ட்டுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஊர். தோண்டினால் தண்ணீர் வராமல் என்ன வரும்? அதை மோட்டார் வைத்து, அடிமண்ணும் சேர்ந்து போக, ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கலா வீட்டுத் தரையில் அதன் அதிர்வு தெரிந்தது.

"கலா, படம் சாயலைம்மா. வீடு சாயுது."

அவள் நான் சொன்னதை நம்புவதற்குள் இன்ஜினியரை வரவழைத்துவிட்டேன். அவர் பீரோவை நகர்த்தச் சொன்னார். பின்னால் விரல் நுழைகிற அளவு வெடிப்பு. அந்தப் பீரோவுக்குப் பக்கத்தில்தான் கலா தினமும் பாய் போட்டுப் படுக்கிறாள். இனி ஒரு ராத்திரிகூட இங்கே படுக்காதீர்கள் என்றார்.

ஆட்டோவில் புத்தூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். ஃபிரேமை மடியில் வைத்திருந்தாள். காவிரிப் பாலம் தாண்டும்போதுதான் சொன்னாள்.

"அவர் நேராத்தான்க்கா நின்னுருக்காரு. நான்தான் தினமும் புடிச்சுக் கோணலாக்கியிருக்கேன்."

அழுதாள். நானும்தான்.

யோசித்துப் பார்த்தால் அந்த டூலும் கலா செய்ததைத்தான் செய்தது. பெரிய சுவர் சொல்வதை நேர் என்று எடுத்துக்கொண்டு, தனியாக நின்ற சின்னப் படத்தைக் கோணல் என்றது. ஊர் உலகத்தில் வேறு என்ன நடக்கிறது? எத்தனை பேரைப் பிடித்து நாம் இப்படி 'நேராக்கி' இருக்கிறோம்...

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போஸ்டருக்கு அந்தச் சாய்ந்த வீட்டுப் படம் வேண்டாம் என்று, நேற்று கலா வேறொன்று அனுப்பி, அதிலிருந்து அவரை மட்டும் வெட்டிக்கொள்ளச் சொன்னாள். தீபாவளி லீவில் மகன் வந்தபோது எடுத்தது. துக்க வருஷம், பண்டிகை இல்லை. அவன் வீட்டை விற்கும் பேச்சை எடுத்த அன்று, அம்மாவும் பிள்ளையும் சும்மா ஹாலில் நின்று எடுத்துக்கொண்டார்களாம். பின்சுவரில் சுந்தரம். ஜன்னல் வழியே பக்கத்து மனை தெரிகிறது – முள்ளுச்செடி மண்டிய வெறும் தரை. குழியும் இல்லை, மோட்டாரும் இல்லை.

பழக்க தோஷத்தில் டூலில் ஏற்றினேன். கதவு நிலை நேர். பெயிண்ட் பார்டர் நேர். பல்ப் வயர் நேர். வீடு நட்டுவைத்த மாதிரி நிற்கிறது.

சுந்தரம் மட்டும் வாசல் பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்.

அந்தப் படத்தை நான் நிமிர்த்தவில்லை.