மடியும் கத்தியும்

தோல் வாரில் கத்தியை மூன்று தரம் இழுத்துத் தீட்டிவிட்டு, நாலாம் தரம் இழுக்குமுன் காசிநாதன் நிறுத்துவார். கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவர் வாயைத் திறக்க முடியாது என்று தெரிந்துதான் கேட்பார்: "அப்புறம் அந்த ராசா என்னா ஆனாரு?"

சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு மாடிவீடு. காலேஜ் பிள்ளைகள் எட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். புதன், ஞாயிறு காலையில் அடைப்பத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு காசிநாதன் மாடியேறி வந்துவிடுவார். அந்தத் தோல்பையில் இரண்டு கத்தி, ஒரு மெஷின், படிகாரக் கட்டி, ரசம் போன கண்ணாடி எல்லாம் இருக்கும். இரண்டு கத்தியில் ஒன்று அவர் அப்பா வைத்திருந்தது. முகத்துக்கு அதைத்தான் எடுப்பார். முறைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் பாடத்தை உரக்கப் படிப்பார்கள். அப்படிக் காதால் கேட்டே மூன்று வருஷப் பாடம் அவருக்குப் பழக்கம்.

பாடத்துப் பாட்டில் வருகிறவர்களையும் நாடகத்தில் வருகிறவர்களையும் தாயாதி பங்காளி மாதிரியேதான் விசாரிப்பார். பெண் எடுத்த இடம் எது, கொடுத்த இடம் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரியாமல் அழுகைக்குப் போகமாட்டார். "உறவு தெரியாம துக்கம் கேக்கக் கூடாதுப்பா" என்பார். இது கூடவே பிறந்த குணம். அவர் அம்மாவைப் பெற்றவர் பரங்கிப்பேட்டை நடனசபாபதி. அவருக்கு நாலும் பெண், ஆண் வாரிசு கிடையாது. பேரப்பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்கும்போது தாய்மாமன் மடி வேண்டுமே? அந்தக் குறை தெரியாமல் ஏழு பிள்ளைக்கும் அவரே உட்கார்ந்து மடி கொடுத்தார். ஏழில் மூன்றாவது காசிநாதன்.

தொழிலிலும் அவருக்கு ஒரு கணிப்பு உண்டு. துக்கத்தை மறைக்கிறவன் தாடை கல்லாகிவிடுமாம், கத்தி தத்துமாம். "கண்ணு பொய் சொல்லும், தாடை சொல்லாது." அந்த ராஜாவுக்கு யார் சவரம் செய்தது என்று பாட்டிலே இல்லாததில் அவருக்கு மனத்தாங்கல். "அவனக் கேட்டிருந்தா எல்லாம் சொல்லியிருப்பான்."

ராஜா கதை இதுதான். சொல் கேட்காமல் போன மகன் முகத்தில் விழிப்பதில்லை என்று சபையில் சொல்லிவிட்டார். மகன் ஓலை மேல் ஓலையாக அனுப்பினான். ராஜா போகவில்லை. தினமும் கோட்டைச் சுவரில் ஏறி நின்று பாதையைப் பார்த்துக்கொண்டே ஆயுள் முடிந்தது. இன்னொன்று நாடகம். அதில் உப்பு வியாபாரி ஒருவர், மகள் வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று சொன்னவர். இரண்டு பேரில் யார் துயரம் பெரிது, ஒப்பிட்டு எழுதுக. பரீட்சைக்கு நிச்சயம் வரும் கேள்வி என்று மாடிப் பிள்ளைகளில் ஒருவனான பழனிவேல் தலையில் அடித்துக்கொண்டு படித்தான். வாத்தியார் கொடுத்த விடையில் ராஜாதான் ஜெயித்திருந்தார்.

"ராசாதாம்பா" என்று காசிநாதனும் ஒத்துக்கொண்டார். "சொன்ன சொல்லு நின்னுடுச்சி இல்ல?"

அவரும் சொன்னவர்தான். ஒரே மகள் மலர்க்கொடி, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு வேலை பார்க்கிற மணவாளனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். பையன் மீனவர் வீட்டுப் பிள்ளை. அன்றைக்கு அப்பாவின் கத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "இது மேல சத்தியம், உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். வேறு யாராக இருந்தாலும் கற்பூரத்தை அணைத்துச் சொல்லியிருப்பார்கள். தினமும் நாலு பேர் தொண்டைக்குழியில் ஓடுகிற கத்தி மேல் சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் கை தவறிவிடும் என்று அவருக்குப் பயம். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை.

போன வாரம் ஒரு கார்டு வந்தது. பேரனுக்குப் பதினோராம் மாதம், வருகிற வெள்ளிக்கிழமை திருவந்திபுரத்தில் முடி இறக்கல். வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படவும் மடியில் உட்காரவைக்கவும் மாமன் முறைக்கு ஆள் இல்லை என்று மலர்க்கொடி எழுதியிருந்தாள். வேறொன்றும் எழுதவில்லை.

"பேரன் தலையில வேற ஒருத்தன் கத்தி படுறதா?" என்று காசிநாதன் முனகினார்.

அவர் சம்சாரம் சௌந்தரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "மடியும் நீயே குடுத்து மொட்டையும் நீயே போடுவியா? நாலு கை நம்மூர் நடராசருக்குத்தான். உனக்கு ரெண்டுதான்."

"யாரு போறேன்னாங்க?"

"நானும் போகச் சொல்லலியே. கார்டை ஏன் மடியில முடிஞ்சிக்கினு திரியறே?"

அவளிடம் சொல்லாத யோசனை ஒன்று அவரிடம் இருந்தது. கோயில் மகள் வீடு இல்லையே. மலையடியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு, முகம் காட்டாமல் அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடலாம். சொல்லும் நிற்கும், பேரனையும் பார்த்ததாகும்.

புதன்கிழமை பழனிவேல் நாற்காலியில் உட்கார்ந்து, கத்தி விலகும்போதெல்லாம் நாடகத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தான். வலது கன்னம் முடிந்து கத்தி இடது கன்னத்துக்கு வந்திருந்தது.

"பேரனுக்குப் பேர் வைக்கிற அன்னிக்கு உப்பு வியாபாரி மகள் வீட்டுத் தெருவுக்குப் போறார்ண்ணே. எதிர்ச்சாரியில வேப்பமரத்தடியில நிக்கிறார். உள்ளாற சத்தம் எல்லாம் கேக்குது. மகள் வாசல் வரைக்கும் வந்து தெருவப் பாக்குறா. இவர் மரத்துக்குப் பின்னால மறைஞ்சிக்கிறார். அப்புறம் வீட்டுக்குத் திரும்பிடறார்."

கத்தி நின்றது.

"அப்புறம்?"

"அவ்ளோதான். திரை."

"மகளுக்குத் தெரியுமா, அப்பன் வந்தான்னு?"

"கடைசி வரைக்கும் தெரியாது."

காசிநாதன் கத்தியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அவர் தாடையைத்தான் பழனிவேல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்தி எழுதுப்பா. ராசா பாக்கல. இந்தாளு பாத்துட்டான். அவ தேடுனதையும் பாத்துட்டு வந்திருக்கான். இவனுக்குத்தான் ஜாஸ்தி."

"மாத்தி எழுதினா மார்க் போயிடும்ண்ணே."

"போனாப் போவுது."

அன்றைக்குப் பழனிவேலின் இடது கிருதா வலதைவிட அரை விரல் நீளமாக நின்றுவிட்டது. முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஆனதில்லை. பரீட்சைக்கு அந்தக் கிருதாவோடுதான் போனான். என்ன எழுதினான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காசிநாதன் அப்பாவின் கத்தியைக் கழுவி, மஞ்சள் துணியில் சுற்றி சாமி மாடத்தில் வைத்தார். "பொய்யாப் போறவன் நானு. இது இங்கியே இருக்கட்டும்" என்றார். சௌந்தரம் வெற்றிலைத் தட்டை எடுத்துப் பையில் வைத்தாள். அடைப்பம் இல்லாமல் அவர் தெருவில் நடந்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச தூரம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

மகள் வீடு இருக்கிற முதுநகருக்குப் போகிற பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சலவை வேட்டிதான். ஆனால் எத்தனை வெளுப்பு கண்டாலும் அவர் வேட்டியில் ஊரார் முடி நூலோடு நூலாகக் குத்தி நிற்கும். கிள்ளை தாண்டியதும் காசிநாதன் இரண்டு முழங்காலையும் சேர்த்து, மடியை விரித்து, குனிந்து, ஒவ்வொரு முடியாக நகத்தால் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே விட ஆரம்பித்தார்.