மாமாவின் வலப்பக்கம்

எங்கள் மாமாவுக்கு வருசத்தில் இரண்டு தரம் வயிற்றுக்குத்து வரும். இரண்டும் வேளாண்மை வெட்டுக் காலத்தில்தான். வட்டை வயலுக்குள் வெட்டு மெசின் இறங்குகிற அன்று மனிசன் பாயை விட்டு எழும்பமாட்டார். மெசின் கரையேறியதும் இரண்டு கோப்பை சோறு தின்பார். ஒரே தம்பி என்பதால் அம்மாவுக்கு ஏச வாய் வராது. அப்பாவுக்கு வாய் மூடாது.

அக்கா தாதிப் பயிற்சிக்கு மட்டக்களப்புக்குப் போய் அப்போது நாலு மாதம். குமர்ப்பிள்ளை விடுதியில் தங்குவதா என்று இழுத்தடித்த அப்பா, அரை மனசோடுதான் விட்டிருந்தார். லீவில் வந்தால் அவளுக்குப் பாடமாக்க ஓர் உடம்பு வேண்டும். எட்டு வயசு உடம்பொன்று என்னிடம் சும்மா கிடந்தது. முற்றத்தில் நிமிர்ந்து நிற்கவைத்து, உள்ளங்கை இரண்டையும் முன்னுக்குத் திருப்பச் சொல்லுவாள். பிச்சை கேட்கிற மாதிரி நிற்க எனக்கு வெட்கம். மூக்குக்கு நேரே விரலால் கோடிழுத்து, இதற்குக் கிட்ட இருந்தால் மீடியல், விலகினால் லேற்றரல், கீழே இருந்தால் இன்பீரியர் என்பாள். பிறகு பூசணிக்காயைப் போல நெடுக்காகவும் குறுக்காகவும் முன்பின்னாகவும் என்னை வெட்டுவாள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: வலமும் இடமும் நோயாளியுடையது, பார்க்கிறவருடையது இல்லை. நித்திரையில் கேட்டாலும் நான் சொல்லுவேன்.

அந்த வருசமும் வெட்டன்று காலையில் மாமா படுத்துவிட்டார். ஆனால் சோறும் வேண்டாம் என்றார். அம்மா பயந்துபோய் அக்காவுக்குப் போன் எடுத்தார். எந்தப் பக்கம் நோகிறது என்று பார்க்க அக்கா என்னைத்தான் கேட்டாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. மாமாவின் காலடியில் போய் நின்று, அவர் பொத்திப் பிடித்த இடத்தைப் பார்த்து, "இடது பக்கம், இன்பீரியர்" என்றேன்.

அப்படியென்றால் வாய்வாக இருக்கும், ஓமத்தண்ணி கொடுத்துப் பாருங்கள் என்றாள் அக்கா. "நம்மட டொக்டரம்மாவே சொல்லிற்றா" என்று சிரித்துக்கொண்டு அப்பா வட்டைக்குப் போய்விட்டார்.

அம்மா ஓமத்தண்ணியை நீட்ட, மாமா இடக்கையால் வாங்கினார். இதென்ன பழக்கம், சோத்துக்கையால் வாங்கத் தெரியாதா என்று அம்மா கேட்டார். நோகிற இடத்தை விட்டு அந்தக் கையை எடுக்க ஏலாது என்று மாமா முனகினார்.

சோத்துக்கை! அப்படியென்றால் நோவு அவருடைய வலப்பக்கம். போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

"அக்கா, குத்து இப்ப வலது பக்கம் போயிற்று."

"முதல்ல எங்க நிண்டு பாத்தாய்?"

"காலடியில."

அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். ஓட்டோவில் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல்வால் வீங்கியிருந்ததாம், பிந்தியிருந்தால் வெடித்திருக்குமாம். அன்றைக்கே வெட்டினார்கள்.

அடுத்த நாள் வார்ட்டில், உயிரைக் காப்பாற்றின பிள்ளை என்று மாமா தனக்கு வந்த தோடம்பழங்களை எல்லாம் எனக்கே தந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். ஓமத்தண்ணி கொடுக்கவா விடுதியில் இருந்து படிக்கிறாய், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று அத்தனை பேருக்கும் முன்னால் அப்பா கத்தினார். அவளுடைய கண் நிரம்பிவிட்டது. ஒரு தரம் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சரியாக் கேக்கல்ல, அப்பா."

மாமா கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சிய பிறகுதான் அப்பா இறங்கிவந்தார். நான் கட்டில் ஓரத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை, தப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோசம்.