கரும்புக்காட்டு உடுப்பு

நமாகா விமானத் திடலின் வாசல் காவலன் ஹபீஸ், சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் போடமாட்டான். எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டும் துரைகளோ வெயிலுக்கென்று கிழிந்த தொப்பியும் வெளுத்துப்போன முழுக்கைச் சட்டையுமாக, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கரும்பு வெட்டக் கிளம்பியவர்கள் மாதிரி வந்து நிற்பார்கள். அந்தக் கும்பலுக்குத் தலைவர் டாசன். போன வாரம் கரும்புக்காட்டிலிருந்து வேலை உடுப்போடு அப்படியே சோறு கொண்டுவந்த ஹபீஸின் மனைவி சகீனாவை விரட்டிவிட்டு, “இந்தக் கோலத்தில் யார் வந்தாலும் உள்ளே விடாதே” என்று கத்தியவர் அவர்தான்.

இன்று அதைவிடக் கண்றாவியான கோலத்தில் அவரே வந்தார். ஹபீஸ் கதவைத் திறக்கவில்லை. பறக்கத் தோதான காற்று அடங்கும்வரை வெயிலில் நிற்கவைத்தான்.

“நான் யாரென்று உனக்குத் தெரியாதா?” என்று பல்லைக் கடித்தார் டாசன்.

“நல்லாத் தெரியும். அவ என் பொஞ்சாதின்னு அன்னைக்கு நானும்தான் சொன்னேன்.”