விறாந்தையில் எரிந்த அடுப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாரி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கிய ஒரு தை மாதத்தில், திருகோணமலை நகரத்தில் நான் வாடகைக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் இது நடந்தது.

நான் நகரத்துக்கு வெளியே சாம்பல்தீவில் இருக்கிறேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக வேலை செய்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில், துறைமுகப் பக்கமாக ஒரு ஒடுங்கலான ஒழுங்கையில் அந்தச் சின்ன வீட்டை வாங்கினேன். முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, அதன் பின்னால் பக்கம் திறந்த ஒரு விறாந்தை. அதை ஒட்டி முன்னைய சொந்தக்காரர் கொங்கிரீட் தட்டுக் கூரை போட்டுச் சமைக்க ஒரு குசினி கட்டி, அதற்கு மேலேயே தண்ணீர்த் தாங்கியையும் வைத்திருந்தார். முதலில் வாடகைக்கு இருந்தவர்கள் சுவர் முழுக்க ஆணி அடித்து, கதவுகளையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வாடகைக்கு வருகிறவர்கள் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம்.

இரண்டாவதாக வந்தது மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மனைவி வீட்டிலிருந்து தைப்பவள். இரண்டு பெண் பிள்ளைகள், சின்ன வகுப்புப் படிப்பவர்கள்.

அந்த வருட மாரி மழை தொடங்கியதும் அவள் எனக்குப் போன் எடுத்தாள். குசினித் தட்டில் வெடிப்பு விட்டு ஈரம் கசிகிறது என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு மேசனை அனுப்பினேன். அவர் பூசி, பெயின்ற் அடித்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் திரும்பவும் என்னை அழைத்து, பூசின இடமே வெடித்துவிட்டது என்றாள். "வெடிப்பில்லாத வீடு எங்க இருக்கு தங்கச்சி? மழை விடட்டும், பார்ப்பம்" என்றேன். மூன்றாவது தடவை அவளுடைய பெயர் திரையில் விழுந்ததைப் பார்த்தும் நான் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை அழைக்கவே இல்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை, அந்த ஒழுங்கையில் இருக்கும் என் பழைய சிநேகிதி போனில் கூப்பிட்டாள். "உங்கட வீட்டு விறாந்தையில விறகடுப்பு எரியுது. சுவரெல்லாம் ஒரே கரி. வந்து பாருங்கோ" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன வருடம்தான் அந்தச் சுவருக்கு வெள்ளை பூசியிருந்தேன். உடனே பஸ் ஏறினேன். ஒரு மாதத்தில் வீட்டை விடச் சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவெடுத்தேன்.

போனபோது அவள் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். சிநேகிதி சொன்னது சரிதான். மூன்று கல் வைத்த அடுப்பு, பக்கத்தில் சட்டி பானை, மேலே சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. குசினி வாசலுக்குக் குறுக்கே உட்காருகிற மர வாங்கு ஒன்று போட்டிருந்தது.

"குசினி இருக்க ஏன் இந்த வேலை செய்யிறியள்?" என்று சத்தம் போட்டேன்.

"உள்ளுக்க பயமா இருக்கு அக்கா. கேஸ் அடுப்பு இங்க காத்துக்கு நிண்டு எரியுதில்ல. அதான் விறகு" என்றாள். பிறகு குசினி வாசலில் நின்றபடியே மேலே தட்டைக் காட்டினாள். வெடிப்பு நீண்டு போன இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் திகதி எழுதியிருந்தாள். "இது மாசத் தொடக்கம். இது போன வெள்ளி. அது நேத்துப் போட்டது."

எனக்கு அது இன்னும் கோபத்தைத்தான் கொடுத்தது. குறை சொல்வதற்கென்றே கணக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாங்கைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். "உள்ளுக்க போகாதீங்க அக்கா" என்று அவள் பின்னால் கத்தினாள். நான் நடுக்குசினியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். என் மூக்குக் கண்ணாடியில் மா தூவியது போல ஏதோ விழுந்தது. அதைத் துடைக்கக் கை எடுத்தேன். அதற்குள் அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுவையில் இரண்டு பேரும் விறாந்தையில் போய் விழுந்தோம்.

பின்னால் பெரிய சத்தம். தட்டின் அடிப்பக்கம் ஒரு கதவளவுக்குப் பாளமாகக் கழன்று, கீழே இருந்த மேசையை நொறுக்கியது. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், மேலே கம்பிகள் துருவேறி, விரலால் முறிக்கலாம் போலத் தொங்கின. கடற்காற்றும் தாங்கியின் பாரமும் எத்தனை காலமாக அதைத் தின்றனவோ தெரியாது.

அந்த மேசையில் இருந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடுவார்களாம். "இப்ப மூணு கிழமையா விறாந்தையில பாய் போட்டுத்தான் குடுக்கிறன்" என்றாள். 

சத்தம் கேட்டுக் கடையிலிருந்து அவளுடைய கணவர் ஓடி வந்தார். ஏசப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "அக்காவுக்கு அடி ஏதும் பட்டதா?" என்று அவர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த விறகடுப்பிலேயே அவள் தேத்தண்ணி வைத்துத் தந்தாள். "நான் போன் எடுக்காட்டியும் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கலாமே தங்கச்சி?" என்று கேட்டேன்.  "கூடக் கதைச்சா வீட்டை விடச் சொல்லிடுவீங்களோ எண்டு பயம் அக்கா. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்துல" என்றாள்.

அதைச் சொல்லத்தான் அன்று வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாளே ஒரு இஞ்சினியரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தட்டு முழுவதையும் உடைத்துவிட்டுத் தகரக் கூரை போட்டோம். தண்ணீர்த் தாங்கி வீட்டு வளவில் தனி இரும்புத் தாங்குகாலில் ஏறியது. வேலை முடியும்வரை அவர்கள் கிண்ணியாவில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து, நான் அன்று எதற்காக வந்தேன் என்பதை அவளிடம் சொன்னேன். "உங்கட முகத்திலயே எழுதியிருந்துச்சே அக்கா" என்று சிரித்தாள்.

நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்தும் என் கையைப் பிடித்து இழுத்தவள் அவள். இப்போதும் மழை இரைந்து பெய்யும்போது அந்த இரண்டு பிள்ளைகளும் பயமில்லாமல் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்தால்தான் என் நெஞ்சு அமைதியாகிறது. அந்த அமைதி என் கவனத்தால் வந்ததல்ல, அவளுடைய கவனத்தால் எனக்குக் கிடைத்தது.