குவைத் வண்டியின் பின்னிருக்கை

குவைத்துக்குப் போனவர்கள் திரும்பும்போது தங்கம் கொண்டுவருவார்கள். என் வீட்டுக்காரர் பதினொரு வருடம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார். அங்கே மெக்கானிக் வேலை பார்த்தார். கடைசி ஆறு வருடம் அவர் ஓட்டிய வண்டி அது. விற்றுவிட்டு வர மனசு வரவில்லையாம்.

"இரும்புக்கு டூட்டி கட்டிக்கினு வந்த மொதல் ஆளு நீங்கதான்" என்றேன். சிரித்தார்.

அந்த வண்டி எனக்குப் புதிது இல்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மதியத்தில் ஆளில்லாத ரோட்டோரமாக அதை நிறுத்தி, ஹேண்டில்பாரில் போனை மாட்டி வைத்துக்கொண்டு என்னோடு பேசுவார். பின்னால் மணல் நிறத்தில் வானம் தெரியும். பேச்சு நடுவில் அறுந்து படம் நின்றுபோகும். லைனில் இருக்கிறேனா என்று கேட்டு, "கீறியா?" என்று அவர் குரல் மட்டும் வரும். "கீறேன்" என்பேன். பாதி நாள் எங்கள் குடும்பம் இந்த இரண்டு வார்த்தையில்தான் நடந்தது.

போனை வைத்த பிறகு சிமெண்டுத் தரையில் அப்படியே படுத்துவிடுவேன். தூக்கம் பாதி, விழிப்பு பாதி. அதில் நான் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பேன். சத்தமே இருக்காது. முந்தானை பறக்கும், ரோடு போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை. சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

அதனால்தான், சென்னைத் துறைமுகத்திலிருந்து வண்டி சித்தூருக்கு வந்து இறங்கியபோது நான் முதலில் பார்த்தது அதன் பின்பக்கத்தை. அங்கே சீட்டே இல்லை. ஒரு இரும்புச் சட்டமும் அதன்மேல் முடுக்கிய ஒரு டூல் பெட்டியும் இருந்தன. கேட்டால் சின்னப்புத்தி என்று நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது.

அவர் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வீட்டில் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டிருந்தார். பிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் என்னைப் பார்ப்பார். நானும் ஒழுங்கில்லை, பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் காபி மட்டும் போட்டு, அதை நானே குடித்தும் விடுவேன். பிறகு அசடு வழிய இன்னொன்று போடுவேன்.

வெளிநாட்டு வண்டிக்கு நம்பர் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போன அன்று மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஊர் முழுக்க அந்தத் தித்திப்பு வாசனை இறங்கியிருந்தது. அந்த வாசனையில் சித்தூரே கொஞ்சம் சொக்கிப்போய் நடமாடும். ஆபீஸ் மைதானத்து வேப்பமரத்தின் கீழே நானும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கஸ்டம்ஸ் காகிதங்களை நிதானமாகப் படித்துவிட்டு, சேசிஸ் நம்பரைப் பென்சிலில் பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கை வேர்வையில் காகிதம் வழுக்கியது. நான் வாங்கி, வண்டியின் கழுத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு பென்சிலை மெல்லத் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையில் எழும்பி வந்தது. இத்தனை வருடம் இவரோடு இருந்த வண்டியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு ஷெட்டுக்குள் தள்ளிப்போய் விளக்கைச் சுவரில் அடிக்கச் சொன்னார். வெளிச்சம் வலது பக்கமாக ஏறியது. அந்த ஊரில் ரோட்டின் வலது பக்கம் போவார்கள், விளக்கும் அதற்கேற்ற மாதிரி. இங்கே அது எதிரில் வருபவன் கண்ணைக் கூசவைக்கும், மாற்ற வேண்டும் என்றார். அப்படியே வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, பேனாவைத் திறந்தபடி தெலுங்கில் கேட்டார்.

"ஒக்கரிக்கா, இத்தரிக்கா?"

ஒருவருக்கா, இருவருக்கா என்று கேட்டார். ஒருவருக்கு என்று எழுதினால் விளக்கை மாற்றினால் போதும். இருவருக்கு என்றால் பின்சீட்டு, கால் வைக்க இடம், கைப்பிடி, புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்க சாரி கார்டு எல்லாம் வேண்டும்.

இவர் யோசிக்கவே இல்லை. "ஒக்கரிக்கே ராயண்டி மேடம்" என்றார். ஒருவருக்கென்றே எழுதச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சுரீரென்றது. கோபம் வந்தால் எனக்குத் தெலுங்கு வராது. "பேனாவ மூடுங்க மேடம்" என்றேன். "இன்னொரு நாளு வர்றோம்."

அந்தம்மா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பேனாவை மூடினார். "ரெண்டு பேரும் பேசிக்கினு வாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

ஆனால் நாங்கள் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போனோம். இந்த மாதிரி வண்டிக்கு விளக்கும் மற்ற சாமான்களும் அங்கேதான் கிடைக்கும் என்றார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் இவர், ஜன்னலோரம் நான். காற்று கண்ணை அழுத்தியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால், கயிறு கட்டி நின்ற வண்டியின் முகம் தெரிந்தது. சந்திரகிரி தாண்டி மலை நீலமாக எழும்பியபோது, நான் கண்ணை மூடி அந்தப் பழைய ரோட்டில் ஏறப் பார்த்தேன். முடியவில்லை. பின்னால் உட்கார இடமில்லை என்று தெரிந்துபோன பிறகு கனவுகூட ஏற்றிக்கொள்ள மறுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அங்கே இவர் சாரி கார்டு வேண்டும் என்று கேட்டதும், வெல்டிங் கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெடிமேடா கார்டு வராது, கம்பிய வளைச்சிதான் செய்யணும். சீட்டு எங்க?" என்று கேட்டார்.

இவர் குட்டியானையில் கிடந்த சாக்கைப் பிரித்தார். உள்ளே இருந்தது அந்த வண்டியின் பின்சீட்டு. கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. ஆறு வருடமாக யாரும் உட்காராத சீட்டு.

"இத்த வெச்சிக்கினா ஒக்கரிக்குனு சொன்னீங்க?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க எப்பவும் தனியாதான் ஓட்டிக்கினு இருந்தேன். பின்னாடி ஒரு ஆளு உக்காந்தா வண்டி எப்டித் திரும்பும்னே மறந்து பூட்ச்சி. உன்ன ஏத்திக்கினு போய் எங்கனா கீழ போட்டுட்டேன்னா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "எனக்கு மட்டும் இன்னா நெனப்பு கீதாம்?" என்றேன். "ஒரு காபிதான போட்டுக்கினு கீறேன்."

கடைக்காரர் சீட்டை மாட்டிவிட்டு, "கூச்சப்படாம உக்காரும்மா. பொடவை எங்க வந்து நிக்குதுன்னு பாக்கணும்" என்றார். திருப்பதி வெயிலில், நடுத்தெருவில், ஓடாத வண்டியின்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். புடவைக் கரை விழுந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறை எனக்குக் கீழே மொரமொரத்தது.

மறுபடி சித்தூர் மைதானம். விளக்கு இந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இன்ஸ்பெக்டர் சாரி கார்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்கம்மா. ரெண்டு பேருமா ஒரு ரவுண்டு போய் பிரேக் போட்டுக் காட்டுங்க" என்றார்.

ஏறினேன். எங்களைத் தாண்டி ஒரு நாய் நடந்து போனது, அவ்வளவு மெதுவாக ஓட்டினார். "இப்டிப் போனா பிரேக்க எப்டி பாக்கறது?" என்று அந்தம்மா கத்தினார். கனவில் பறந்த முந்தானையை நான் இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தேன். மாங்காய் வாசனை காற்றில் அப்படியே நின்றிருந்தது. மைதானத்தின் மூலை வந்தது. திரும்ப வேண்டும். அவர் முதுகு விறைத்தது. தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"கீறியா?"

பதினொரு வருடமாக அதற்கு வாயால்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் தோளில் கையை வைத்தேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. வண்டி சாய்ந்து, திரும்பி, வேகம் எடுத்தது.