ஞாயிற்றுக்கிழமைக் கூடு

காலை ஐந்து ஐம்பதுக்கு ஓடைக்கரையில் முதலில் கண்ணில் பட்டது, உடைமரக் குச்சியில் மாட்டியிருந்த வெறும் கயிறு. முந்தின நாள் சாயங்காலம் அதன் நுனியில் என் இறால் கூட்டைக் கட்டித் தண்ணீரில் இறக்கியிருந்தேன். கயிறு அறுபடவில்லை. முடிச்சை யாரோ நிதானமாக அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திருடனாக இருந்தால் கயிற்றையும் கொண்டுபோயிருப்பான்.

புதுத் துறைமுகம் திறந்து ஓராண்டு ஆகியிருந்த சமயம். ஒரு நாளிதழின் தூத்துக்குடி அலுவலகத்தில் செய்திகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. வாரத்தில் ஆறு நாள். எங்கள் வாடகை வீடு மீனவர் குடியிருப்பை ஒட்டி இருந்தது. உப்பளங்களுக்குக் கடல்நீர் போகும் ஓடை அங்கிருந்து கால் மணி நேர நடை. சனிக்கிழமை கூட்டை இறக்கி ஞாயிறு விடியலில் தூக்குவேன். விற்பதற்கு இல்லை. சில வாரம் ஒரு குழம்புக்குக்கூடத் தேறாது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். அதை விடுவதாக இல்லை.

கூடு நானே முடைந்தது. பனங்காட்டில் பிறந்தவளுக்குப் பெட்டி முடையத் தெரியும், இறால் கூடு தெரியாது. கருப்பட்டிப் பெட்டியின் வடிவத்திலேயே ஈர்க்கால் ஒன்றை முடைந்து, ஒரு பக்கம் உள்ளே போகப்போகக் குறுகும் வாய் வைத்தேன். உள்ளே இரைக்குச் சாளை மீன் தலை. முதல் மூன்று வாரம் நண்டுக் குஞ்சுகள் வந்து தலையைத் தின்றுவிட்டுப் போயின. வாயை இன்னும் குறுக்கினேன். நான்காம் வாரம் பதினோரு இறால்.

வெறுங்கையோடு திரும்பும்போது, மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு மீன்காரி எதிர்ப்பட்டாள்.

“ஏளா, ஒன் கருப்பட்டிப் பெட்டி ஊர்க் கமிட்டி கொட்டகையில கிடக்கு. உள்ள எட்டு இறால். பாவசங்கீர்த்தனம் பண்ண வந்திருக்கும்போல.”

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

“விடு. வேற பெட்டி முடைஞ்சுக்கிடலாம்” என்றார். நான் செருப்பை மாட்டியதும், “நானும் வாரேன்” என்றார்.

“வேண்டாம். நீங்க வந்தா உங்ககிட்டதான் பேசுவாவ.”

கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். கமிட்டித் தலைவருக்கு அறுபது வயது இருக்கும். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கூடு அவர் காலடியில் இருந்தது, மேலே ஈரச் சாக்கு போட்டு.

“வீட்டுக்காரர் வரலையாம்மா?”

“கூடு என்னோடது அண்ணாச்சி.”

“சனிக்கிழமை பொழுது அடைஞ்சதுலேருந்து ஞாயித்துக்கிழமை பொழுது அடையுத வரைக்கும் இந்த ஊருல வலை இறங்காது. தெரியும்லா?”

“தெரியும். எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு.”

“எங்களுக்கும் அன்னைக்குத்தான் லீவு.”

மற்ற இருவரும் சிரித்தார்கள்.

“நான் விக்கப் பிடிக்கல. பொழுதுபோக்குக்குப் பிடிக்கேன்.”

“அதுதாம்மா எனக்கு இன்னும் கஷ்டம். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவ இன்னைக்கு அள்ளிட்டுப் போனா, பொழைப்புக்குப் பிடிக்கிறவனை நான் என்ன சொல்லி நிறுத்த?”

நியாயமான கேள்வி. ஆனால் நியாயமாகக் கேட்டுவிட்டார் என்பதற்காக என் கூட்டை அவரிடம் விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொட்டகையிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரிந்தது. ஒரு கப்பல் நின்றது. அதன் பாரந்தூக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“அங்க மூட்டை இறக்குறாவ. அதுல இந்த ஊர் ஆளு எத்தனை பேரு?”

ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“அது ஊர்த் தண்ணி இல்ல” என்றார் தலைவர்.

“ஓடையும் ஊர்த் தண்ணி இல்ல. உப்பளத்துக்குப் போற தண்ணி. அளத்துல இன்னைக்கும் வேலை நடக்கு.”

“பேப்பர்ல எழுதிருவியோ?” என்றார் வேட்டியைச் சரிசெய்தவர்.

“எழுதுறது ஆம்பளைங்க. நான் தட்டச்சுதான்.”

தலைவர் ஒரு நோட்டைத் திறந்து ஏதோ எழுதி என் பக்கம் திருப்பினார். ‘இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஓடையில் கூடு வைக்கமாட்டேன்’ என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

“போடமாட்டேன்.”

“அப்ப கூடு இங்கனதான் கிடக்கும்.”

“நானும் இங்கன இருக்கேன்.”

கூட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது மணி ஆறு நாற்பது. யாரும் போகச் சொல்லவில்லை. ஏழேகாலுக்கு இரண்டாம் பூசை மணி அடித்தது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு கொட்டகையைக் கடந்து கோயிலுக்குப் போனார்கள். ஒவ்வொருத்தியும் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு தலைவரைப் பார்த்தாள். மீன்காரி வேலையே இல்லாமல் திரும்ப வந்தாள்.

“என்னளா, கமிட்டியில சேத்துட்டாவளா?”

வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். இந்தத் தடவை கமிட்டிக்காரர்கள் சிரிக்கவில்லை.

பூசை முடிந்து அதே பெண்கள் திரும்பும்போது மணி எட்டே கால். நான் எழுந்திருக்கவில்லை. மற்ற இருவரும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எடுத்துட்டுப் போ. இன்னொரு ஞாயித்துக்கிழமை இதைத் தண்ணிக்குள்ள பாத்தா மிதிச்சு ஒடைப்பேன்.”

“சரி அண்ணாச்சி” என்றேன். நான் சரி என்றது அவர் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மட்டும்தான். சாக்கை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டுக் கூட்டைத் தூக்கினேன். மூன்று இறால் செத்திருந்தன.

சாளைத் தலை இருக்கிறதா என்று மீன்காரியிடம் கேட்டேன். அவள் இரண்டு கொடுத்தாள். அன்று பொழுது அடைந்தது ஆறேகாலுக்கு. கூட்டை நான் தண்ணீரில் இறக்கியது மூன்றரைக்கு.